புயற்கூண்டும் பாங்கொலியும்

பறை என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. தோற்கருவி ஒன்று, சொல்லுதல் மற்றொன்று. குமரி மாவட்டத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் இரண்டாம் பொருள் இன்றளவும் உயிரோடு இருக்கிறது. செய்தியையும் அச்செய்தியைச் சுமந்து செல்லும் கருவியையும் ஒரே சொல்லால் வழங்கிய சமுதாயம் நம்முடையது. ஏரிக்கரை உடைந்தாலும், ஆற்றில் வெள்ளம் பெருகினாலும் ஊரை எழுப்பியது அக்கருவியே.

இவ்வளவில் பெருமிதம் கொண்டு அமைந்துவிடுவது தமிழ்த் துறையினராகிய நமக்கு எளிது. ஆயின், அக்கருவியை யார் கழுத்தில் மாட்டினோம் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவன் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தான். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அவர் காட்டிய மாற்று வழி. காலந்தாழ்ந்தேனும் நேர்ந்த நல்ல காரியம் அது. அறிவியற் கருவி ஒன்று ஊருக்குள் வரும்போது வேலை மட்டும் எளிதாவதில்லை. யார் பேசலாம், யார் கேட்கவேண்டும் என்னும் ஒழுங்கும் மாறுகிறது. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட செய்தியும் இதுவே. இடர்க்காலத்துக்கென ஆக்கப்பட்ட கருவிகள் மக்களிடம் எவ்வாறு போய்ச் சேருகின்றன? சில ஊர்களில் அவை உயிர் காக்க, சில ஊர்களில் துருப்பிடித்துக் கிடப்பது ஏன்?

வானொலியில் மாநிலச் செய்தி கேட்டு வளர்ந்தவர்க்குப் புயற்கூண்டு புதிதன்று. கடலூரில் ஏழாம் எண் கூண்டு, நாகையில் ஐந்தாம் எண் கூண்டு என்று செய்தி வாசிப்பார்கள். இம்முறை மிகப் பழையது. 1864-ஆம் ஆண்டுக் கடும்புயலுக்குப் பின், 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயலெச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும். இரவில் செந்நிற, வெண்ணிற விளக்குகள். ஏழு என்றால் ஐந்தைவிடப் பெரிய ஆபத்து என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பிழை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும், அல்லது அதன்மீதே கடக்கும் என்பதிலேதான் வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்தும் அவ்வாறே. பதினோராம் எண்ணின் பொருள் இன்னும் வியப்பானது: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி தாமே கருதுகிறார் என்பது அதன் உட்கிடை.

கப்பல் தலைவனுக்கு இவ்விவரம் இன்றியமையாதது. குடிசையில் இருக்கும் மீனவப் பெண்ணுக்கு? அவளுக்கு வேண்டியவை மூன்றே: எப்போது, எவ்வளவு உயரம், எங்கே போவது. கூண்டு அம்மூன்றில் ஒன்றையும் சொல்லாது. மாலுமிக்காக ஆக்கப்பட்ட மொழியை நெடுங்காலமாகக் கரைவாழ் மக்களுக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அசையாது இருந்தால் அறியாமை என்கிறோம்.

இவ்வகையில் உலகம் கற்ற பாடங்களுள் மிகக் கொடியது வங்கக் கடலில்தான் நிகழ்ந்தது. 1970 நவம்பர் 12 இரவு, இன்றைய வங்காளதேசத்தின் போலாத் தீவையும் அண்டைக் கரைகளையும் புயல் தாக்கியது. மாண்டோர் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை என்பர். எச்சரிக்கை இல்லாமையால் நேர்ந்த அழிவு என்று பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது, அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர் என்பது. உறுதியான கட்டடங்களைத் தேடிச் சென்றவரோ நூற்றுக்கு ஒருவர்! செய்தி காதில் விழுந்தது, காலை அசைக்கவில்லை. ஒதுங்குதற்குப் போதிய கட்டடங்கள் இல்லை. மாட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லை. சொல்பவர் யாரென்று தெரியாத வானொலிக் குரலை நம்பி வீட்டைத் துறக்க எவரும் துணியவில்லை.

அதன்பின் அந்நாட்டார் செய்த ஏற்பாட்டைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நம் நாட்டில் அது போதிய அளவு பேசப்படவில்லை. 1972-இல் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிவைக்க, மறு ஆண்டில் அரசும் கைகோத்து நடத்திய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் அது. கருவிகள் என்று பார்த்தால் மிக எளியவை: ஒரு டிரான்சிஸ்டர் வானொலி, கையில் பிடித்துப் பேசும் மெகாபோன், கையால் சுழற்றும் அபாயச் சங்கு, கொடிகள். தலைமையிடத்திலிருந்து தீவுகளுக்குச் செய்தி செல்லக் கம்பியில்லாத் தொலைபேசி. அபாயம் கூடக் கூடக் கொடி ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். படிக்கத் தெரியாதவரும் எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் அத்திட்டத்தின் உயிர் கொடியில் இல்லை. கொடியை ஏற்றுபவரிடத்தில் இருக்கிறது. அவர் அதே ஊர்க்காரர். ஊதியம் பெறாத தொண்டர். வாசலில் வந்து நின்று, வயதான தாயாரை எழுப்புங்கள், நாங்கள் தூக்கிச் செல்கிறோம் என்று சொல்பவர். புயலில்லாத மாதங்களிலும் ஒத்திகை நடத்துகிறார்கள், நாடகம் போடுகிறார்கள். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் இப்பணியில் சேர்ந்துகொண்டன. நாள்தோறும் ஐந்து முறை கேட்டுப் பழகிய குரலிலிருந்து எச்சரிக்கை வரும்போது, சொல்பவர் யார் என்னும் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

இத்தனைக்குப் பின்னும் 1991 ஏப்ரல் 29 புயலில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் பேர் மாண்டனர். புகலிடங்கள் மிகச் சிலவாகவே இருந்தன. மாண்டவர்களில் ஆண்களினும் பெண்கள் மிகுதி. ஆண் வெளியே போயிருக்க, அவன் சொல்லாமல் வீட்டைவிட்டு நீங்கக்கூடாது என்று பெண் காத்திருந்தாள்; அந்நியர் நிறைந்த புகலிடத்தில் தனக்கு மறைவான இடம் இருக்குமோ என்று அஞ்சினாள். கருவி ஒலித்தது, வழக்கம் வாசலை அடைத்தது. அதையும் அவர்கள் கண்டுகொண்டு திருத்தினர். புகலிடங்கள் பெருகின, பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது, கால்நடைக்கு மண்மேடுகள் எழுந்தன. இன்று அத்திட்டத்தின் தொண்டர்கள் எழுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிப்பேர் பெண்கள். 2007-இல் சிதர் புயலில் இறந்தோர் மூவாயிரத்து நானூறு அளவினர். 2020-இல் அம்பன் புயலின்போது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர்; அந்நாட்டில் உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. புயலுக்குப் புயல் வலிமை வேறு. கரையணைகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் இதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் மெகாபோனுக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை. எனினும் செல்வம் மிகுந்த நாடுகளே செய்யத் திணறும் காரியத்தை, நம்மினும் எளிய நிலையில் இருந்த ஒரு நாடு செய்து காட்டியது என்பதை மறுக்கவியலாது.

இனி நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.29-க்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. அலை நாகைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்விரண்டு மணி நேரத்தில் ஒருவரும் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். நாகூர் தர்கா தன் நிலத்தில் இன்ன மதத்தார் என்று பாராமல் உடல்களை அடக்கம் செய்ய இடங்கொடுத்தது. அக்கொடையைப் போற்றும்போதே உறுத்தும் எண்ணம் ஒன்றுண்டு. அடக்கத்துக்கு இடம் தரும் பண்பு நம்மிடம் இருந்தது. அவ்வுயிர்களை மேற்கே விரட்டிவிடும் ஒரு குரல் இல்லாமற் போயிற்றே!

அன்று அக்குரல் இருந்த ஊர் ஒன்றுண்டு. புதுவையைச் சேர்ந்த நல்லவாடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைப் பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவி வந்தது. கணினியில் கடலலை உயரம் பற்றிய முன்னறிவிப்பைப் பெற்று, ஒலிபெருக்கியில் மீனவர்க்குச் சொல்வது கடற்கரை மையங்களின் அன்றாட வேலை. அவ்வூர் இளைஞர் ஒருவர் அன்று சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்துத் திறந்தார்கள்; ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்; சங்கை ஒலித்தார்கள். மூவாயிரத்து அறுநூறு பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கணினியின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. கணினிக்கு அன்று வேலையே இருக்கவில்லை. பயன்பட்டவை ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, பூட்டை உடைக்கும் துணிவு. அவ்வொலிபெருக்கி அங்கே இருந்ததும், அது பேசினால் கடலைப் பற்றித்தான் பேசும், பொய் சொல்லாது என்று ஊர் அறிந்திருந்ததும் அன்றாடப் பழக்கத்தால் வந்தவை. அலை உயரம் இன்ன அளவு என்று கேட்டு, கடலில் இறங்கி, அது மெய் என்று கண்டவர்களே அன்று ஓடினார்கள். இடருக்கென்று தனியே பூட்டிவைத்த கருவி இடர்க்காலத்தில் பயன்படாது. நாளும் கைபட்டுக் கிடப்பதே அன்றும் கைகொடுக்கும்.

அந்தப் பூட்டைப் பற்றியும் ஒரு சொல். எத்தனை ஊர்களில் நூலகத்துக்கும், சமூகக் கூடத்துக்கும், புயல் பாதுகாப்பு மையத்துக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எவருக்கேனும் தெரியுமா? கோடிக்கணக்கில் கட்டடம் எழுப்பி, சாவியை ஒரே ஒருவர் இடுப்பில் செருகி, அவர் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போயிருக்கும் நாளில் புயல் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம்.

அதே வாரத்தில் வேறொரு பாடமும் நேர்ந்தது. 2004 டிசம்பர் 30 அன்று, அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊகத்தை நம்பி நடுவண் உள்துறையே மீண்டும் ஆழிப்பேரலை வரலாம் என எச்சரித்தது. கரையெங்கும் மக்கள் ஓடினர், துயர்துடைப்புப் பணி நின்றது, அலை வரவில்லை. பொய்யெச்சரிக்கைக்குக் கொடுக்கும் விலை அடுத்த மெய்யெச்சரிக்கையின்போது செலுத்தப்படும். பின்னர் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று மீண்டும் சுமத்திராக் கடலில் பெருநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. பேரலை எழாது என்று அறிந்தபின் திரும்பப் பெறவும்பட்டது. கருவி தேறிவிட்டது என்பதற்கு அது சான்று.

கருவி தேறினால் மொழியும் தேறவேண்டுமன்றோ? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் கரையைவிட்டு நெடுந்தொலைவில் இருந்தனர். பல நாள், பல வாரம் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். படகிலுள்ள கம்பியில்லாக் கருவி கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்குமேல் எட்டாது. கரையில் சொல்லப்பட்ட சொற்களோ காற்றழுத்தத் தாழ்வு நிலை, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்பன. கலைச்சொல்லாக்கம் என்ற வகையில் குறையொன்றுமில்லை. நம் துறையினரே பாராட்டத்தக்க ஆக்கங்கள். ஆனால் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, கடலின் ஓட்டத்தை நீவாடு என்று சொல்லி, அதன் போக்கைக் கையால் அறிபவரிடம் இச்சொற்கள் என்ன செய்யும்? மழை பெய்யும் போலிருக்கிறது என்ற அளவிலேயே நின்றுவிடும்.

ஒக்கிக்குப் பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் வந்தன. 2019-இல் வெளிவந்த ஜெமினி என்னும் கருவி அவற்றுள் ஒன்று. அது செய்தியைப் பெறும், திருப்பிச் சொல்லாது. தத்தளிப்பவனுக்குக் காது மட்டும் கொடுத்து வாயை மறந்த கருவி என்று அதனைக் கூறலாம். இருவழியும் பேசும் கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கைப்பேசிகள் அனைத்தையும் ஒருசேர அலறவைத்து எச்சரிக்கும் முறைக்கும் 2023-இல் தமிழகத்தில் சோதனை நடந்தது. நல்ல முயற்சிகளே. ஆயினும் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மின்சாரம் போய், கோபுரங்கள் ஓய்ந்து, கைப்பேசிகள் உயிரற்ற வில்லைகளாகிப் போனதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில்தான் நம் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என நம்மவர் வாழும் ஊர்கள் பலவும் கடலோரத்தவை. ஊரின் மிக உயர்ந்த இடத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும் கட்டடம் பெரும்பாலும் பள்ளிவாசலே. மின்சாரம் நின்றாலும் பாங்கு நிற்கலாகாது என்பதற்காக மின்கலமும் வைத்திருக்கிறோம். வைகறையில் எழுந்து வருபவர் ஒருவர் நாள் தவறாமல் அங்கே இருக்கிறார். இத்தகைய ஏற்பாட்டைப் புதிதாக நிறுவ அரசுக்கு எவ்வளவு பொருள் வேண்டும்! நம்மிடம் அது முன்னமே இருக்கிறது. கடலோர எச்சரிக்கைக்கு அதனை முறையாக ஒப்படைக்கவேண்டும் என்கிறோம்.

தொழுகைக்கு அழைக்கும் கருவியை உலகக் காரியத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர் உளர். ஒலிபெருக்கி வந்த புதிதில் தொழுகைக்கே அதனைப் பயன்படுத்தலாமா என்று மார்க்க அறிஞர்களிடையே நெடிய விவாதம் நடந்ததை மூத்தோர் அறிவர். அன்று ஐயத்தோடு ஏற்றதை இன்று புனிதமாக்கிவிட்டோம். மேலும், மவுத்துச் செய்தி அதிலேதான் வருகிறது. பிறை அறிவிப்பும் அதிலேதான். மழையும் சேறுமாயிருந்த ஒரு நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்னும் அழைப்பின் இடத்தில், இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினுக்குக் கூறியதாக ஹதீஸ் நூல்களில் செய்தி உண்டு. 2020-இல் கொரோனாப் பரவலின்போது குவைத் முதலிய நாடுகளில் அவ்வாறே பாங்கு ஒலித்தது. மழைச் சேற்றுக்காகவே அழைப்பு தன் சொல்லை மாற்றிக்கொள்ளுமாயின், உயிர் காக்க அக்கருவி பேசுவதில் என்ன தடை?

இரவில் ஒலிபெருக்கி வைத்தால் வழக்கு வரும் என்று அஞ்சுவோரும் உளர். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளிலேயே பொது நெருக்கடிக்கு விலக்கு இருக்கிறது.

எமக்கு உண்மையில் கவலை தருவது இவற்றினும் வேறான ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் குரற்பதிவை நம்பி யாரேனும் ஓர் இளைஞர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டால் ஊர் நள்ளிரவில் மிதிபடும். அதன்பின் அக்குரலை எவரும் நம்பமாட்டார். ஆகவே, எவரிடமிருந்து வந்த செய்தியை அறிவிப்பது, இருவர் ஒப்பாமல் அறிவிக்கலாகாது என்பன போன்றவற்றை ஜமாஅத்து அமைதியான நாளிலேயே எழுதிவைக்கவேண்டும். அவ்விருவரில் ஒருவர் அண்டையிலுள்ள மீனவர் பஞ்சாயத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். கடலை அறிந்தவர் அவர். நாமோ பெரும்பாலும் கடைத்தெருவை அறிந்தவர்கள். சாவி மூன்று இருக்கட்டும். அதில் ஒன்று ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். ஜும்ஆவுக்கு ஆண்கள் சென்றிருக்கும் நேரத்தில் வீடுகளில் இருப்பவர் யார் என்று எண்ணிப்பார்த்தால் இதில் முகஞ்சுளிக்க ஒன்றுமில்லை என்பது விளங்கும். பக்கத்துத் தேவாலயத்தின் மணியும் கோவிலின் ஒலிபெருக்கியும் இவ்வேற்பாட்டில் சேரட்டும்.

அன்றாடப் பழக்கமும் வேண்டும் என்று முன்னர்க் கூறினோம். இஷாத் தொழுகைக்குப் பின் மறுநாள் அலை உயரத்தையும் காற்றின் போக்கையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம். ஐதராபாத் மையம் அவ்விவரத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. எடுத்துத் தருவதற்கு நம் கல்லூரி மாணவர் ஒருவர் போதும்.

அவ்விரண்டு வாக்கியங்களை எழுதும் பொறுப்பு தமிழ்த் துறையுடையது. ஆய்வேடுகளுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று மாணவர் வருந்தும் இக்காலத்தில், பத்துக் கிலோமீட்டர் கிழக்கே சென்று காற்றுக்கும் அலைக்கும் அங்கே வழங்கும் பெயர்களைத் திரட்டி வரலாம். ஆழிப்பேரலைக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று, ஆற்று வெள்ளத்துக்கு ஒன்று என மூன்று அறிவிப்புகளை முன்னமே எழுதி, பள்ளிவாசல் சுவரில் ஒட்டிவைக்கலாம். எழுதியதைக் கரையில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டவேண்டும். விளங்கவில்லை என்று அவர் சொல்லும் சொல்லை அடித்துவிட்டு, அவர் தரும் சொல்லை இடவேண்டும். சந்திப்பிழை திருத்தும் எங்கள் பேனா அதற்குப் பிறகு வந்தால் போதும்.